வேலியோடு படர்த்தி வளர்க்கும் ஆப்பிள்: இரண்டு அடுக்கு வரைக்கும் காசு கொடுக்கலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். நர்சரியிலேயே கிளைகளைப் படியவைத்து இரண்டு அடுக்கு கட்டி விற்கிற எஸ்பாலியர் ஆப்பிள் மரம், கொடுத்த காசுக்குத் தகும். மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு என்று விற்பது தகாது. மரத்தோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கும் கம்பி செட் வேண்டவே வேண்டாம். கவாத்துக் கத்திரியில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நர்சரியின் பெயரை எழுதவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். இங்கிலாந்தில் ஆன்லைனில் பழமரம் விற்கிற நர்சரிகள் பலவற்றில் இதே சரக்குதான் ஏறக்குறைய இதே விதத்தில் விற்பனைக்கு இருக்கிறது, அதனால் பெயர் இல்லாவிட்டாலும் பயன்படும்.

எஸ்பாலியரைப் பார்க்காதவர்களுக்கு: நடுத்தண்டு ஒன்று நேராக மேலே போகும், அதிலிருந்து இடமும் வலமுமாகக் கிளைகள் படுக்கைவசத்தில் அடுக்கடுக்காகக் கம்பியில் கட்டப்பட்டிருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் கிளையே கிடையாது. முழு மரமும் சுவரிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தூரத்துக்குள் அடங்கிவிடும். தென் லண்டனில் என் வீட்டுப் பின்பக்கம் மாதிரி அகலம் குறைந்த தோட்டத்தில் சாதாரண ஆப்பிள் மரம் வைத்தால் புல்தரையும் போகும், பக்கத்து வீட்டுக்காரரின் வெயிலும் போகும். இது வேலியோரத்தில் இருக்கிற இடமே தெரியாமல் இருக்கும். பழைய வித்தைதான். பதினான்காம் லூயிக்காக 1678 முதல் 1683 வரை வெர்சாயில் அமைத்த அரசரின் காய்கறித் தோட்டத்தில் லா கின்தினி என்பவர் சுவர் சுவராக எழுப்பிப் பேரி மரங்களை இப்படித்தான் படர்த்தினார். பாரிசுக்குக் கிழக்கே மோந்த்ரேய் ஊரில் சுண்ணச்சாந்து பூசிய சுவர்களில் பீச் மரங்களைச் சாய்த்து வளர்த்தார்கள். பகல் வெயிலைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும், குளிர் ஊரில் பழம் பழுக்க அந்தச் சூடு உதவியது. நமக்கு அரசரும் இல்லை, சுவரும் இல்லை, ஆறடி மரப்பலகை வேலிதான், அதிலேயே நன்றாக வருகிறது.

சரி, வந்த சரக்கைப் பற்றி. வெறும் வேர்க் கன்றாக, அதாவது தொட்டியும் மண்ணும் இல்லாமல் வேரை ஈரம் போகாமல் சுற்றி, உயரமான அட்டைப்பெட்டியில் குளிர்காலத்தில் வந்தது. பேக்கிங்குக்கு முழு மதிப்பெண்: கிளை ஒன்றுகூட முறியவில்லை, வேர் கொத்தாக, ஈரமாக இருந்தது. தொட்டியில் வைத்த மரத்தை வருடம் முழுக்க விற்பார்கள், விலையும் கூடுதல். நவம்பர் முதல் மார்ச் வரைதான் வெறும் வேர்க் கன்று கிடைக்கும், காத்திருந்து அதை வாங்குவதே மேல். ரகம் சன்செட். காக்ஸ் ஆப்பிளின் விதையிலிருந்து கென்ட்டில் 1918 வாக்கில் வளர்ந்தது, காக்ஸின் ருசி கிட்டத்தட்ட இருக்கிறது, காக்ஸ் அளவுக்கு நோய் வாங்குவதில்லை. ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் தோட்டத் தகுதி விருது பெற்ற ரகம். முக்கியமாக, குட்டைக் கணுக்களில் காய்க்கிற ரகம். எஸ்பாலியருக்கு இதுதான் வேண்டும். வொர்செஸ்டர் பியர்மெய்ன் போலக் கிளையின் நுனியில் காய்க்கிற ரகத்தை வாங்கினால் கவாத்து பண்ணுகிற ஒவ்வொரு தடவையும் அடுத்த வருடக் காயை நாமே வெட்டிப் போட்டுக்கொண்டிருப்போம். சமையலுக்குப் பேர்போன பிராம்லியும் இதற்கு ஒத்துவராது: முரட்டு வளர்ச்சி, பாதி நுனிக்காய்ப்பு, அதன் மகரந்தமும் மற்ற மரத்துக்கு உதவாது. இருந்தும் பிராம்லியை எஸ்பாலியராக விற்கிறார்கள், வாங்குகிற ஆளும் இருக்கிறார்.

முதல் குறை லேபிளில். ரகத்தின் பெயர் பெரிதாக இருந்தது, வேர்ச்செடி, அதாவது ரகத்தை ஒட்டுப்போடுகிற கீழ்ச்செடி எது என்ற இடத்தில் 'அரைக்குட்டை' என்று மட்டும் போட்டிருந்தது. அரைக்குட்டை என்று எம் 26 என்கிற வேர்ச்செடியையும் சொல்வார்கள், எம்எம் 106ஐயும் சொல்வார்கள், இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. மின்னஞ்சல் போட்டுக் கேட்ட பிறகுதான் எம்எம் 106 என்று பதில் வந்தது. பதில் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் விற்பனைப் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஒட்டுக்கன்றில் மேலே எந்த ரகம் இருந்தாலும் மரம் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பெரும்பாலும் கீழே இருக்கிற வேர்ச்செடிதான் தீர்மானிக்கிறது. எம் 27 ஆளுயரத்தைத் தாண்டாது, எம் 9 அதைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் ஆயுளுக்கும் முட்டு வேண்டும், நல்ல மண்ணும் வேண்டும். மூன்று நான்கு அடுக்கு எஸ்பாலியர் கட்ட எம் 26 அல்லது எம்எம் 106 தான் சரி. லண்டன் களிமண்ணுக்கு நான் 106 பக்கம். இந்த 'எம்' எல்லாம் கென்ட்டில் இருக்கிற ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. 'எம்எம்' என்றால் அவர்களும் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னெஸ் நிலையமும் சேர்ந்து உருவாக்கியது. தென் லண்டனில் நம்மவர்கள் நிறைந்திருக்கிற மிட்சம், டூட்டிங்குக்குப் பக்கத்து மெர்ட்டனேதான். நார்தர்ன் ஸ்பை என்கிற அமெரிக்க ரகத்தோடு கலந்து, வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல வந்து உயிரை எடுக்கும் பஞ்சு அசுவினியைத் தாங்குகிற வேர்ச்செடிகளை உண்டாக்கினார்கள். நடும்போது ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். அது புதைந்துவிட்டால் மேல் ரகம் தன் வேரை விட்டுவிடும், அப்புறம் குட்டை வேர்ச்செடிக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தமில்லை.

இனி அடுக்கு விவகாரம், இந்த விமர்சனம் எழுதியதே இதற்காகத்தான்.

மரத்துக்கு எப்போதும் மேலே போகத்தான் ஆசை. உச்சி மொட்டிலிருந்து ஆக்சின் என்கிற ஹார்மோன் கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. அதனால் மேல் அடுக்கு தானாகக் கொழுக்கும், கீழ் அடுக்குதான் சவலைப்பிள்ளை மாதிரி பின்தங்கும். கீழ் அடுக்கின் இரண்டு கைகளும், அதாவது இடவலக் கிளைகளும், முதலிலேயே தடித்து, நீண்டு, பலம் பிடித்துவிட்டால் மேலே எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். கீழே சோனியாக விட்டுவிட்டு மேலே கட்டினால் பத்து வருடம் ஆனாலும் அதைத் தேற்றுவது பெரும்பாடு. முறையான வழி, ஒரு வருடத்துக்கு ஓர் அடுக்கு: குளிர்காலத்தில் நடுத்தண்டைக் கம்பிக்குச் சற்று மேலே, மூன்று நல்ல மொட்டுகள் இருக்கிற இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும், மேல் மொட்டு தண்டாகும், மற்ற இரண்டும் கைகளாகும். அந்தக் கைகளைக் கோடை முழுக்க மூங்கில் குச்சியில் 45 டிகிரி சாய்வாகக் கட்டி வளரவிட்டு, வளர்ச்சி நின்ற பிறகுதான் கிடைமட்டத்துக்கு இறக்க வேண்டும். பச்சைத் தளிராக இருக்கும்போதே படுக்கப் போட்டால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். ஒரு கை சோர்ந்திருந்தால் அதைக் கொஞ்சம் நிமிர்த்திக் கட்டுங்கள், கொழுத்ததைக் கொஞ்சம் சாயுங்கள், ஒரு பருவத்தில் இரண்டும் சமமாகிவிடும். மொட்டு விழிக்கவே இல்லையென்றால் அதற்கு நேர் மேலே பட்டையில் பிறை வடிவமாகச் சின்ன வெட்டு போட்டால் விழித்துக்கொள்ளும்.

நர்சரிக்காரருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை, ஆனால் அவருக்கு இடம் குறைவு, அவசரம் அதிகம். மூன்று அடுக்கு மரம் என்று விற்பனைப் படங்களில் வருவதைக் கவனித்துப் பாருங்கள், மேல் கைகளும் கீழ் கைகளும் ஒரே நீளத்தில் இருக்கும், சிலதில் மேல் கை கீழ் கையைவிடத் தடித்திருக்கும். வண்டியில் ஏற்றத் தோதாகக் கையின் நுனியையெல்லாம் ஒரே அளவுக்கு வெட்டிவிடுவதும் உண்டு. இதற்கு இரண்டு அடுக்கு மரத்தைவிட நல்ல தொகை கூடுதலாக வாங்குகிறார்கள். அந்த மூன்றாவது அடுக்கை நம் தோட்டத்தில் ஒரே குளிர்கால வெட்டில், ஒரே கோடையில் நாமே உண்டாக்கிவிடலாம், அதுவும் நம் கம்பி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில். முதல் இரண்டு அடுக்குக்குக் கொடுக்கிற காசு வேறு. நர்சரிக்காரரின் இரண்டு வருட உழைப்பையும், சரியாக வராமல் கழித்துப் போட்ட கன்றுகளின் செலவையும் சேர்த்துத்தான் அதை வாங்குகிறோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. எனக்கு வந்ததில் கீழ்க் கைகள் விரல் தடிமனில், இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பிரிந்தன. பொறுமை இருப்பவர்கள் கிளையே இல்லாத ஒரு வருடக் குச்சிக்கன்றை வாங்கினால் விலை இதில் சிறு பங்குதான், மூன்று நான்கு வருடம் தள்ளிக் காய்ப்பு, ஆனால் எல்லாமே நம் கைப்பக்குவம்.

இரண்டாவது குறை, கட்டு. கைகளை மூங்கில் குச்சியோடு பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்கள், சில இடத்தில் பட்டையில் தடம் பதிந்திருந்தது. வந்த அன்றே அவிழ்த்துவிட்டு மிருதுவான சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்த்திக் கட்டினேன். மூங்கிலோடு வாங்கினால் நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆப்பிளின் இளம் பட்டை கம்பியை அப்படியே விழுங்கிவிடும், அந்தக் காயத்தில் பட்டையை அரிக்கிற கேங்கர் நோய் குடியேறினால் கையே போய்விடும்.

அந்தக் கம்பி செட்டைப் பற்றி இரண்டே வரி: கம்பி மெல்லியது, கொக்கி ஆணிகள் குட்டை, விலை மட்டும் ஜாஸ்தி. ஹார்டுவேர் கடையில் துத்தநாகம் பூசிய 2 முதல் 2.5 மி.மீ. கம்பி, தலையில் துளை உள்ள நீள ஆணிகள், முறுக்கி இழுக்கிற டர்ன்பக்கிள் மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் மலிவும் உறுதியும் ஆகும். டர்ன்பக்கிளோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு ஷெஃபீல்டைச் சேர்ந்த கிரிப்பிள் நிறுவனத்தின் கம்பி இழுப்பான் இருக்கிறது, கம்பியை ஒரு பக்கமாக நுழைத்து இழுத்தால் திரும்பி வராது, விலை கொஞ்சம் கூட. அடுக்குக்கு அடுக்கு 35 முதல் 45 செ.மீ. இடைவெளி. ஆறடி வேலியில் 40 செ.மீ. வைத்தால் நாலு அடுக்கு தாராளமாக வரும். ஆனால் ஒன்று, மரம் வாங்குவதற்கு முன்னால் கம்பி அடித்துவிடாதீர்கள், கன்று வந்த பிறகு அதன் முதல் அடுக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து அதற்கேற்ப அடியுங்கள். கம்பி வேலியிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி நிற்கட்டும், பின்னால் காற்று போக வேண்டும். இங்கே வேலி யாருடையது என்பது ஒரு தனிப் பஞ்சாயத்து. பக்கத்து வீட்டாரின் வேலியில் ஆணி அடிக்க அவர்கள் சம்மதம் வேண்டும், பலகை வேலி பாரமும் தாங்காது, நம் எல்லைக்குள் கனமான மரக் கம்பங்களை ஊன்றிவிடுவதுதான் நிம்மதி.

கத்திரி. சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ 2, சிவப்புக் கைப்பிடி போட்டது, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இடுப்பில் பெரும்பாலும் இதுதான் தொங்கும். 1940களிலிருந்து வருகிற மாடல். அலகு, ஸ்பிரிங், போல்ட் என்று ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கிறது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் விலை உறுத்தவில்லை. கை சின்னதாக இருப்பவர்களுக்கு ஃபெல்கோ 6, இடக்கைக்காரர்களுக்கு 9. ஜப்பானிய ஒகாட்சுனே இன்னும் கூர்மை, விலையும் சற்றுக் குறைவு, ஆனால் கார்பன் எஃகு, துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துருவேறும். எதை வாங்கினாலும் கத்தரிக்கோல் மாதிரி ஒரு அலகு இன்னொன்றை உரசிப் போகிற வகையாக இருக்கட்டும். அலகு கீழே உள்ள தட்டையான பட்டையில் மோதி வெட்டுகிற வகை இளங்கிளையை நசுக்கிவிடும். முதல் சில வருடங்களுக்கு ரம்பம் தேவையே இல்லை.

மூன்றாவது குறைதான் பெரியது, மரத்தோடு வந்த குறிப்புத்தாள். 'குளிர்காலத்தில் கவாத்து செய்யவும்' என்று ஒரு வரி. எஸ்பாலியர் வாங்கி ஏமாந்ததாகச் சொல்கிறவர்கள் பலர் இந்த ஒரு வரியை நம்பியவர்கள்தான். குளிர்காலத்தில் வெட்டினால் வேரில் சேர்த்து வைத்த சத்து முழுக்க வசந்தத்தில் மிச்சமிருக்கிற மொட்டுகளுக்குப் பாயும், வெட்டிய இடத்திலெல்லாம் போத்து போத்தாகக் கிளம்பும், அதை மறுபடி குளிர்காலத்தில் வெட்டினால் இன்னும் அதிகமாகக் கிளம்பும், மூன்றே வருடத்தில் எஸ்பாலியர் துடைப்பம் ஆகிவிடும். குளிர்கால வெட்டு புது அடுக்கு எழுப்பவும், வயதான பிறகு நெரிசலான காய்க்கணுக்களைக் கலைக்கவும் மட்டும். மரத்தை அடக்கிக் காய்க்கவைக்கிற வெட்டு கோடையில். இலை இருக்கும்போது வெட்டுவதால் மரத்துக்குக் கொஞ்சம் உணவு குறைகிறது, வெயில் உள்ளே விழுகிறது, மிச்சமிருக்கிற அடிமொட்டுகள் பூமொட்டாக மாறுகின்றன. வட பிரான்சில் லொரெத் என்பவர் கோடையில் பல தடவை வெட்டும் முறையை வகுத்தார், இங்கிலாந்தின் ஈரப்பதத்துக்கு அதைச் சுருக்கி ஒரே வெட்டாக்கி வைத்திருக்கிறார்கள், மாற்றிய லொரெத் முறை என்று பெயர்.

செய்முறை இவ்வளவுதான். தென் இங்கிலாந்தில் பேரிக்கு ஜூலை கடைசி, ஆப்பிளுக்கு ஆகஸ்ட் நடு, வடக்கே போனால் பத்து நாள் தள்ளி. ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரம் என்று நான் மனதில் வைத்திருக்கிறேன், ஆப்பிளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அந்த வருடம் கிளம்பிய தளிரில் அடிப்பகுதி விறைத்து மரமாகத் தொடங்கியிருக்க வேண்டும். கையிலிருந்து நேரடியாக வந்த தளிர் 20 செ.மீ.க்கு மேல் இருந்தால், அடியில் இருக்கிற இலைக்கொத்தைக் கணக்கில் சேர்க்காமல் அதற்கு மேல் மூன்று இலை விட்டு வெட்டுங்கள். போன வருடம் வெட்டிய குட்டைக் கிளையிலிருந்து வந்த தளிரென்றால் இலைக்கொத்துக்கு மேல் ஒரே ஒரு இலை. 20 செ.மீ.க்குக் குறைந்த தளிரைத் தொடவே தொடாதீர்கள், பெரும்பாலும் அதன் நுனியிலேயே பூமொட்டு இருக்கும். கையின் நுனியில் நீண்டு போகிற தளிரையும் அது தன் இடத்தை நிரப்புகிற வரை விட்டுவிடுங்கள். சீக்கிரமே வெட்டினால் செப்டம்பரில் மறுபடி துளிர்க்கும், துளிர்த்தால் அதை மட்டும் கிள்ளிவிட்டால் போதும். ஒரு மரத்துக்கு ஒரு காபி ஆறுகிற நேரத்து வேலை இது. குறிப்புத்தாளில் இந்தப் பத்தியை அச்சடிக்க அரைப் பக்கம்கூட ஆகியிருக்காது.

நட்ட முதல் வருடம் பூவையெல்லாம் கிள்ளிவிடச் சொன்னது அதே தாள், அது சரியான ஆலோசனை. அதற்கடுத்த பருவத்திலிருந்து காய் விட்டேன். ஜூனில் மரமே கொஞ்சம் பிஞ்சை உதிர்த்துவிடும், அது முடிந்ததும் கொத்துக்கு ஒன்று மட்டும் வைத்து மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், மனசு கேட்காது, ஆனால் எடுக்காவிட்டால் எலுமிச்சை அளவுப் பழமும் அடுத்த வருடம் வெறும் இலையும்தான். பழம் நன்றாக இருக்கிறது: சின்னது, மஞ்சள்மேல் செம்பட்டை, மொறுமொறுப்பு, லேசான புளிப்போடு வாசனை. கிளைக்குக் கிளை வெயில் படுவதால் எல்லாப் பழமும் நிறம் பிடிக்கிறது, கையெட்டும் உயரத்தில் இருப்பதால் பறிக்கவும் வலை போடவும் ஏணி வேண்டியதில்லை. எண்ணிக்கை எதிர்பார்க்காதீர்கள், பெரிய மரத்தின் விளைச்சல் இதில் வராது.

படங்களைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து, சென்னை வீட்டு மதிலில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். ஆப்பிள் முடியாது, அதற்குக் குளிர் வேண்டும். ஆனால் அடிப்படை வித்தை நம்மிடம் இல்லாததா? கொய்யாவில் நிமிர்ந்து போகிற கிளையை வளைத்துத் தரையில் முளையடித்துக் கட்டிக் காய்க்கவைப்பதைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது, காரணமும் இதேதான், கிளை படுத்தால் உச்சியின் அதட்டல் குறைந்து பக்க மொட்டுகள் விழிக்கும். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் பன்னீர் திராட்சையைக் கம்பிப் பந்தலில் ஏற்றி, கணுப் பார்த்துக் கவாத்து பண்ணுகிறவர்களுக்கு இந்த இரண்டு அடுக்கு மரமெல்லாம் விளையாட்டு. மதிலோரத்தில் கொய்யாவைக் கம்பியில் படர்த்தலாம், எலுமிச்சையையும் முயலலாம், தென்மேற்கு வெயிலில் கொதிக்கிற சிமென்ட் மதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மா வேண்டாம்.

பிளம், செர்ரி வாங்க நினைப்பவர்கள் எஸ்பாலியர் கேட்காதீர்கள், அவை படுக்கைக் கைகளுக்கு அடங்காது, விசிறி வடிவம்தான் பொருந்தும், வெட்டையும் கோடையில் மட்டும் வையுங்கள், குளிர்காலக் காயத்தில் வெள்ளியிலை நோய் ஏறும். பேரி ஆப்பிளைவிட அழகாக அடங்கும். அதே நர்சரியில் அடுத்த குளிர்காலத்துக்குக் கான்ஃபரன்ஸ் பேரி ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், இரண்டு அடுக்கு, குயின்ஸ் ஏ வேர்ச்செடி. இந்தத் தடவை வேர்ச்செடியின் பெயரையும் முதல் அடுக்கின் உயரத்தையும் காசு கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன், கம்பி செட் வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. நீங்களும் வாங்குவதாக இருந்தால் செப்டம்பரிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் தாண்டினால் நல்ல இரண்டு அடுக்கு மரங்கள் போய்விடும், விற்காமல் மிஞ்சுவது அந்த மூன்று அடுக்குதான்.